நகப்பூச்சும் நடவுக்கையும்

பிரிவின்றி வாழும் இருவரைக் கண்டால் 'நகமும் சதையும் போல' என்பது நம் நாட்டு வழக்கு. இவ்வுவமையை முதற்கண் கூறியவர் யாவரோ அறியோம். ஆயினும் நகம் சதையைவிட்டுப் பிரியுங்கால் உண்டாகும் நோவினை நன்கு உணர்ந்தவராகவே அவர் இருந்திருத்தல் வேண்டும். சென்ற ஆண்டு குறுவை நடவுக்குப்பின் ஊரினின்று விடுதிக்கு மீண்ட எம் தோழி ஒருத்தி, வலக்கைப் பெருவிரலை மேலாடையுள் மறைத்துக்கொண்டே பத்து நாள் வகுப்பிற்கு வந்தாள். எழுதுங்கால் மட்டும் அவ்விரல் வெளிப்படும். எழுதி முடிந்ததும் மீண்டும் மறையும். ஓரிரவு விளக்கின்கீழ் அவள் கையைப் பற்றி நோக்கினோம். பவழநிறப் பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தே நகம் சதையினின்று எழும்பி, அதன்கீழ்க் குளத்துப் பாசி படர்ந்தாற்போன்ற பச்சை நிறம் தோன்றிற்று. நோவு பெரிதில்லை, நாணமே பெரிது என்றாள். அவ்விரலைக் கண்டதனாலேயே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

அப்பூச்சு, ஜெல் பாலிஷ் என்று சொல்லப்படுவது. முன்பு மணப்பெண்களுக்கு மட்டும் உரியதாயிருந்த இவ்வலங்காரத்தை இப்பொழுது மாணவியர் பலரும் விரும்புகின்றனர். கிறிஸ்துமஸ் வந்தாலும், அக்காளுக்குத் திருமணம் வந்தாலும், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் வந்தாலும் விரல்கள் பளபளக்கின்றன. அழகு நிலையத்திற்குச் செல்லப் பணமில்லாதார்க்கும் வழியுண்டு. சிறு விளக்கொன்றும் ஐந்தாறு சிமிழ்களும் அடங்கிய பெட்டியை அஞ்சல்வழி வரவழைத்துவிட்டால் விடுதியறையே அழகு நிலையமாகின்றது.

இதுபற்றி எம்மிடையே இரு கட்சியினர் உளர். ஒரு சாரார் பெரியோர். பேதுரு அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் மாதர் அலங்காரத்தைப்பற்றிக் கூறியவற்றை எடுத்துக்காட்டி, நகத்திற்கு வண்ணமிடுதல் விசுவாசிகளுக்கு அடாதென்பர். அவ்வசனத்தின்மேல் எமக்குள்ள பயபக்தி சிறிதன்று. ஆயினும் தலைமயிரையும் பொன்னையும் உடையையும் எண்ணிக் கூறிய அப்போஸ்தலர் நகத்தைக் கூறாது விட்டார் என்பதும் கருதற்பாலது. அன்றியும், ஒன்றை ஆகாதென்று விலக்கியபின், விலக்கையும் மீறி மறைவிற் செய்வார்க்கு அதனைக் கேடின்றிச் செய்யும் முறையை எவரும் கற்பிப்பதில்லை. எம் தோழி பத்து நாள் விரலை மறைத்ததற்குக் காரணம் இதுவே. வேறு சிலர், இது மேனாட்டு வழக்கு, தமிழ் மகளிர்க்கு ஏலாது என்பர். அவர்க்கு விடையிறுத்தல் தமிழ் பயில்வாராகிய எம் கடமை. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியின் அழகைத் தலைமுதல் அடிவரை வருணிக்கும்போது நகத்தையும் விட்டாரல்லர். கிளியின் வாயை அதற்கு உவமையாக்கினார். காவிரி நாட்டார் நகத்தின் அழகை நோக்கத் தொடங்கியது நேற்றன்று.

மற்றொரு சாரார் எம் வயதினர். "நகம் எமது, பணம் எமது, இதில் பிறர்க்கென்ன?" என்பது இவர் வாதம். பணம் பெரும்பாலும் தந்தையாருடையது என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகிலேம். இவ்விரு கட்சியாரும் நகத்தைப் பொருளாகக்கொண்டு வழக்காடுகின்றனரே யன்றி, நகத்திற்கு என்ன நேர்கின்றது என்று கேட்பாரைக் காணோம். பூசலாமா என்பது அவரவர் மனச்சான்றுக்கு விடற்பாலது. எப்படிப் பூசுவது, எப்படி நீக்குவது, எக்காலத்தில் பூசாதிருப்பது என்பனவே கற்றாரிடையே பேசப்படவேண்டியவை என்பது எம் கருத்து.

முதலாவது, நகம் என்பது யாது? கொம்பும் குளம்பும் மயிரும் எப்புரதத்தால் ஆயினவோ, கெராட்டின் என்னும் அப்புரதத்தாலேயே நகமும் ஆயது. நாம் காணும் நகம் உயிரற்றது. உயிருள்ளது அதன் வேர். அவ்வேர் அடியிலுள்ள வெண்பிறையின் கீழும் அதன் பின்னே தோலினுள்ளும் மறைந்து கிடக்கின்றது. அங்கிருந்து கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னேறும். ஆகவே அடிமுதல் நுனிவரை ஒரு நகம் புதிதாக வளர்வதற்கு 6 மாதமளவு செல்லும். கால் பெருவிரல் நகத்திற்கு 12 முதல் 18 மாதம் வேண்டும். குறுவை நெல் விதைத்து அறுவடையாவதற்கு 4 மாதம் போதுமானது. உயிரற்ற பொருள் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளாது. கெட்ட பகுதி வளர்ந்து வெளியேறுமளவும் காத்திருத்தலன்றி வேறு மருந்தில்லை. நகத்திற்கு 'உணவு' தருவதாகக் கூறி விற்கப்படும் தைலங்கள் பலவும் இவ்வுண்மையை மறைத்தே விலைபோகின்றன.

நகமும் தோலும் கூடும் அடிப்புறத்தே மெல்லிய சவ்வொன்று நகத்தின்மேல் ஒட்டிப் படர்ந்திருக்கும். அழகு நிலையத்தார் அதனை க்யூட்டிகிள் என்பர். அழகுக்கு இடையூறென்று கத்தரித்து எறிவாரும் உளர். அதன் பயனை நம் உழவர் மகளிர்க்கு ஒரு சொல்லால் உணர்த்தலாம்: அது வரப்பு. வரப்பு வெட்டுண்ட வயலுள் நீர் புகுவதுபோல, சவ்வு வெட்டுண்ட விரலுள் நீரும் அழுக்கும் நோய்க்கிருமியும் புகும். நகச்சுற்று என்று நம் ஊரார் கூறும் வீக்கமும் சீழும் பெரும்பாலும் இவ்வழியே வருகின்றன.

இனிப் பூச்சின் தன்மை. பழைய நகப்பூச்சு, நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை ஆவியாகக்கூடிய திரவத்தில் கரைத்தது. திரவம் காற்றில் ஆவியாகிவிடப் படலம் எஞ்சும். வேண்டாதபோது பஞ்சால் துடைத்தால் கரைந்துபோம். ஜெல்லின் இயல்பு வேறு. 2010-ஆம் ஆண்டில் ஷெல்லாக் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தபின் உலகெங்கும் பெருவழக்கான இவ்வகைப் பூச்சு, காய்வதில்லை, இறுகுகின்றது. அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் என்னும் இனத்துச் சிறு மூலக்கூறுகள் புறஊதாக் கதிர் பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோலாகி நகத்தைக் கவ்வுகின்றன. இரண்டு மூன்று வாரம் மெருகு குன்றாது நிற்பது அக்கவ்வுதலால். நீக்கும்போது கேடு விளைப்பதும் அக்கவ்வுதலாலேயே.

யாம் கண்டவரையில், ஜெல் பூசியதனால் கெட்ட நகம் சில. அதனை நீக்கியதனால் கெட்ட நகம் பல. எம் அநுபவத்தையே கூறுகின்றோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு யாமும் பூசிக்கொண்டோம். புத்தாண்டு ஆராதனை கழிந்து சில நாளில் ஓரம் எழும்பிற்று. கும்பகோணத்தினின்று தஞ்சைக்கு வரும் பேருந்தில் வேறு வேலையின்மையால் அவ்வோரத்தைப் பற்றி உரிக்கத் தொடங்கி, ஐயம்பேட்டை வருமுன் ஐந்து விரலையும் முடித்துவிட்டோம். வாழைப்பட்டை போல எளிதில் உரிந்து வந்தது. நகத்தின் மேலடுக்கும் அதனுடனே வந்துவிட்டது என்பதை மறுநாள் எலுமிச்சங்காய் நறுக்கியபோதே அறிந்தோம். வெண்புள்ளிகளும் சொரசொரப்பும் கொண்டு, தாள்போல் வளையும் அந்நகங்களை மறைப்பதற்கு மீண்டும் பூசும்படி அன்பர் ஒருவர் யோசனை கூறினார். கடனை அடைக்கக் கடன் வாங்குதற்கு ஒப்பான யோசனை அது.

நீக்கும் முறை கடினமானதன்று. பொறுமை ஒன்றே வேண்டும். மேற்பரப்பின் மெருகை மட்டும் மெல்ல அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின்மேல் மட்டும் வைத்து, ஈயத்தாளால் சுற்றிப் 10 முதல் 15 நிமிடம் இருக்கவேண்டும். இருந்தபின், தானே நெகிழ்ந்ததை மரக்குச்சியால் மெல்லத் தள்ளிவிடலாம். நெகிழாததைச் சுரண்டாது மீண்டும் பஞ்சைச் சுற்றுக. கையை முழுதும் அசிட்டோன் கிண்ணத்தில் தோய்ப்பார் தோலையும் வறளச் செய்கின்றனர். அசிட்டோன் நொடியில் தீப்பற்றும் பொருள். கிறிஸ்துமஸ் இரவில் மெழுகுவர்த்தியை அருகே வைத்துக்கொண்டு இவ்வேலை செய்வாரை யாம் கண்டு திடுக்கிட்டதுண்டு. முடிந்தபின் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ வாஸ்லினோ தடவி வைத்தல் நன்று. விலையுயர்ந்த தைலம் எதுவும் இதற்கு வேண்டா.

உரித்தலினும் கொடியது ஒன்றுண்டு; அது கண்ணுக்குப் புலனாகாதது. இறுகாத ஜெல் தோலில் பட்டால், சிலர்க்கு ஒவ்வாமை பிறக்கும். முதல் முறையில் ஒன்றும் தோன்றாது. மாதங்கள் கழித்து விரல்நுனி சிவந்து, வெடித்து, அரிப்பெடுக்கும். கை பட்ட இடமாகிய கண்ணிமையும் கழுத்தும் தடித்தலும் உண்டு. ஒருமுறை உண்டான ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள்வரை நீங்காது. நகப்பூச்சை விட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணற்க. இவ்வினத்துப் பொருள்களே பல் மருத்துவர் பல்லை அடைக்கும் கலவையிலும், எலும்பு முறிவுக்கும் மூட்டுமாற்றுக்கும் பயன்படும் ஒட்டுப்பசையிலும், நீரிழிவுடையார் உடலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையளவுக் கருவிகள் சிலவற்றின் பசையிலும் உள்ளன. பத்தொன்பது வயதில் விரல்நுனிக்கு வரவழைத்த ஒவ்வாமை அறுபது வயதில் முழங்கால் மருத்துவத்திற்கு இடையூறாதல் கூடும். பிரித்தானியத் தோல்நோய் மருத்துவர் சங்கத்தார் 2018-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரித்தனர். இவற்றுள் பெரிதும் பேசப்படுவதாகிய ஹெமா என்னும் மெத்தாக்ரிலேட்டை நகப்பூச்சில் தொழில் பயின்றோரே கையாளவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டில் விதித்தது. ஜெல்லை இறுகச் செய்யத் துணைபுரியும் டி.பி.ஓ. என்னும் பொருள், விலங்குகளின் கருவளத்தைக் கெடுத்ததாகச் சோதனைகளிற் கண்டமையால், 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுப்பொருள்களில் முற்றிலும் விலக்கப்பட்டது.

இங்ஙனம் தொழில் பயின்றோர்க்கே உரியதென்று பிற நாட்டார் வரையறுத்த பொருள், நம் விடுதியறையில் அரைகுறை விளக்கொளியில் கையாளப்படுகின்றது என்பதே எம் கவலை. சிமிழ் ஒருவருடையது, விளக்கு மற்றொருவருடையது. இரண்டும் ஒத்து வராவிடின் மேற்பரப்பு இறுகினும் அடிப்புறம் பச்சையாகவே நிற்கும். கனமாகப் பூசினாலும் அப்படியே. நகத்தைக் கடந்து தோலில் வழிந்ததை உடனே துடையாது விளக்கில் காட்டுவது மிகப் பெரும் பிழை. 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுப்பொருள் விதிகளின்படி சிமிழின்மேல் செய்தவர் பெயரும் முகவரியும், தொகுதி எண்ணும், பயன்படுத்தத்தக்க கால எல்லையும், உட்பொருள்களின் பெயரும் இருத்தல் வேண்டும். அவை இல்லாத சிமிழைத் தொடாதிருத்தற்குத் தோல்நோய் மருத்துவரின் ஆலோசனை வேண்டுவதில்லை, எழுத்தறிவே போதும்.

விளக்கைப்பற்றியும் ஒரு சொல். 2023 ஜனவரியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ பகுதியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த மனித, எலி உயிரணுக்களை இவ்விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தனர். ஒரே தடவையில் 20 நிமிடம் வைத்தபோது நூற்றுக்கு 20 முதல் 30 வரை இறந்தன. பிழைத்தவற்றின் மரபுப்பொருளிலும் பழுது காணப்பட்டது. கலத்தில் வளர்ந்த உயிரணு வேறு, தோல் போர்த்த கை வேறு. நகம் பூசுவோர் சில நிமிடமே விளக்கில் கையை வைக்கின்றனர். ஆதலின் இதனைக் கேட்டு அஞ்சி நடுங்கவேண்டுவதில்லை. ஆயினும் விளக்கில் வைக்குமுன் கையில் வெயில்தடுப்புக் களிம்பு பூசுதலும், விரல்நுனி மட்டும் வெளிப்படும் கையுறை அணிதலும் எளியன, செய்தால் இழப்பொன்றுமில்லை. எலிக்காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் தரப்படும் டாக்சிசைக்கிளின் மாத்திரை உண்ணும் நாளில் இவ்விளக்கை அணுகாதிருக்க. அம்மருந்து தோலையும் நகத்தின் கீழிடத்தையும் கதிர்க்கு எளிதில் புண்படுவனவாக்கும். நகம் கழன்றெழுதலும் உண்டு.

நிற்க. இதுகாறும் கூறியவை எந்நாட்டு மாதர்க்கும் பொதுவானவை. நம் டெல்டாவுக்கே உரியதொன்று உண்டு. அதனைக் கூறுவதற்காகவே இத்தனையும் கூறினோம்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. நீர் இருந்து அணை அந்நாளில் திறக்கப்பெறும் ஆண்டுகளில், கல்லணை கடந்து வாய்க்கால்தோறும் நீர் வரும். குறுவை நாற்று வளர்ந்து நடவாகும். குறுவை தவறினும் சம்பா உண்டு. குறுவை அறுத்த வயலில் தாளடியும் உண்டு. நடவு இயந்திரங்கள் பெருகிவிட்டன என்பது மெய்யே. எனினும் ஆழச் சேற்றிலும், வயலின் மூலையிலும், இயந்திரத்திற்குக் கூலி கொடுக்கமாட்டாத சிறு நிலங்களிலும் நாற்றைப் பதிப்பது இன்றும் பெண்ணின் பெருவிரலே. விடியலில் நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்து, வேரிலுள்ள சேற்றை நீரில் அலசி முடியாகக் கட்டி, பின்னர் நாள் முழுதும் குனிந்து நடுகின்றனர். கை நீரிலும் சேற்றிலும் ஊறியிருப்பது ஏழெட்டு மணி நேரம். மாலையில் வீடு சேர்ந்தபின் பாத்திரமும் துணியும் காத்திருக்கும்.

நகம் நீரை உறிஞ்சும் தன்மையது. ஊறினால் பருத்து மென்மையாகும், உலர்ந்தால் சுருங்கும். இவ்வாறு ஊறுதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ நுனி ஏடேடாகப் பிளக்கும். அடிச்சவ்வு ஊறிக் கழன்றுவிடின் ஈரத்தை விரும்பும் பூஞ்சணம் உள்ளே குடிபுகும். நகச்சுற்று நாட்பட்டதாகி, நகம் மேடுபள்ளமாய் நிறம் மாறி வளரும். பாத்திரம் துலக்குவோர், மீன் அரிவோர், வயலில் நடுவோர் என நீரில் தொழில் செய்வோர்க்கே இந்நோய் மிகுதி என்பதை மருத்துவர் அறிவர். எம் அப்பாயி நாற்பதாண்டு நட்டவர். அவருடைய பெருவிரல் நகங்கள் இரண்டும் கருகி, நத்தையோடு போல வளைந்திருக்கும். ஆலயத்தில் இராப்போசனப் பந்திக்குச் செல்லும்போது அவர் கைகளை நீட்டும் முறையொன்றுண்டு. பெருவிரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்திருக்கும். அஃது அவர் பணிவின் அடையாளமென்று சிறுவயதில் எண்ணியிருந்தோம்.

இப்பொழுது எம் தோழியின் விரலுக்கு வருவோம். அவள் அத்தை மகளின் திருமணத்திற்கு ஜெல் பூசிக்கொண்டு, திருமணம் கழிந்த வாரமே கூலியாட்கள் போதாமையால் தாயாருடன் வயலில் இறங்கினாள். ஈரத்தில் நகம் பருத்து வளைய, மேலே இறுகிய பூச்சு வளையாது நின்றது. ஆகவே நுனியில் பூச்சு நகத்தைவிட்டு எழும்பிற்று. நாற்றைச் சேற்றில் அழுத்துந்தோறும் நகம் சதையைவிட்டு எழும்பிற்று. அவ்விடைவெளிகளில் புகுந்த சேற்றுநீர் உலர வழியில்லை. வண்ணம் மேலே மறைத்தமையால் காணவும் வழியில்லை. சூடோமோனாஸ் என்னும் கிருமி இத்தகைய ஈரமான மறைவிடத்தில் பெருகி, தன் பச்சை நிறத்தை நகத்திலேற்றும். அரசு மருத்துவமனைத் தோல்நோய்ப் பிரிவில் எழும்பிய நகத்தை நறுக்கிவிட்டு, சொட்டுமருந்து கொடுத்து, கையை உலர வைக்கும்படி கூறினர். நடவுக் காலத்தில் கையை உலர வைத்தல்! பஞ்சு உறையின்மேல் நீர் புகாக் கையுறை அணியவேண்டும் என்றும் சொன்னார்களாம். அக்கையுறையோடு நாற்றை முடியினின்று பிரித்து நடுவது எங்ஙனம் என்று தாயார் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை.

ஆதலால் எம் துணிபு இது: நடவுக்கும் களைக்கும் செல்லவிருக்கும் கையில் அப்பருவத்தில் ஜெல் கூடாது. திருமணமே இடையில் வந்தால் பழைய நகப்பூச்சு உண்டு, மறுநாளே துடைத்துவிடலாம். மருதாணியும் உண்டு. மருதாணியிலைச் சாயம் நகத்தின் கெராட்டினுள்ளேயே ஊறிவிடுவது, படலமாக மேலே நில்லாமையால் அதன்கீழ் நீர் தேங்க இடமில்லை, உரிக்கவும் ஒன்றுமில்லை. சாயமேறிய நகம் வளர்ந்து வெளியேறும்வரை நிறம் நிற்கும். சேற்றுப்புண் வாராதென்று நம் பெண்கள் நடவுக்கு முன் கைகால்களில் மருதாணியரைத்து இட்டுக்கொள்வதும் பழைய வழக்கு. அதனை நோய்க்கு மருந்தென்று யாம் துணிந்து கூறவில்லை. நாட்பட்ட நகச்சுற்றுக்கு மருத்துவரே வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதைத் தொடவும் வேண்டா. இலையின் நிறம் செம்மையேயன்றிக் கருமையன்று. கருமைக்காக அதிற் கலக்கும் தலைமயிர்ச்சாய மருந்து தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.

இடைவிடாது பூசுவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். நகம் 'மூச்சுவிட' ஓய்வு வேண்டும் என்பர் சிலர். உயிரற்ற பொருள் மூச்சுவிடுதல் இல்லை. ஓய்வு வேண்டுவது, பூச்சின்கீழ் நடப்பதை நாம் காண்பதற்காக. வெளிறிய நகமும் கரண்டிபோல் குழிந்த நகமும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்கு அடையாளங்கள். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். இத்தகைய நாட்டில் பத்து விரலையும் ஆண்டு முழுதும் வண்ணத்தால் மூடிவைத்தல், மருத்துவர் எட்டிப் பார்க்கும் பலகணியைச் சாத்திவிடுவதாகும். இரண்டு மூன்று முறை பூசியபின் சில வாரமேனும் வெறுமே விட்டுப் பார்ப்பது நன்று.

அழகு நிலையங்களில் பணிபுரியும் பெண்களைப்பற்றி எவரும் எழுதக் காணோம். பூசிக்கொள்வார்க்கு மாதத்திற்கு ஒருமுறை. பூசுவார்க்கு நாடோறும் பலமுறை. அவர்களுட் பலரும் நம் ஊர்களினின்று ஆறு மாதப் பயிற்சி பெற்றுச் சென்றவரே. நம்மோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்தோரும் அவருள் உளர். மெல்லிய கையுறை அணிந்தால் போதுமென்று அவர்கள் நம்புகின்றனர். மெத்தாக்ரிலேட்டோ அவ்வுறையைச் சில நிமிடத்திலேயே ஊடுருவ வல்லது. பட்டவுடன் உறையை மாற்றவேண்டும் என்பதை அவர்க்குக் கூறியவர் யார்? ஒவ்வாமை வந்தபின் அவர்கள் இழப்பது அலங்காரத்தையன்று, பிழைப்பை.

விடுதியில் நகப்பூச்சை முற்றிலும் தடுக்கவேண்டுமென்று சிலர் முயல்வதாகக் கேள்வி. தடை வந்தால் அலமாரிக்குள் விளக்கெரியும். விரல்கள் பத்து நாளன்று, பருவம் முழுதும் மேலாடைக்குள் மறையும். அதனினும், விலங்கியல், வேதியியல் மாணவியர் ஒருநாள் மாலை விடுதிக்கு வந்து, சிமிழின்மேல் எழுதியதைப் படிக்கும் முறையையும் பஞ்சு சுற்றும் முறையையும் காட்டுவாராயின் பயன் பெரிது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவியர், தாயார் கையையும் அப்பாயி கையையும் ஒருமுறை விளக்கருகே பிடித்துப் பார்த்தல் வேண்டும். நகச்சுற்றும் சொத்தையும் மருத்துவத்திற்குரிய நோய் என்பதை நம்முள் பலர் அவர்க்குச் சொன்னதே இல்லை. யாமும் இவ்வாண்டே சொன்னோம். அப்பாயி முதலில் சிரித்தார். பின்னர், "இதுக்கெல்லாமா டாக்டர் இருக்காங்க?" என்றார்.

எம் தோழியின் பெருவிரலில் பச்சை நிறம் மெல்ல மெல்ல நுனிநோக்கிச் சென்று, பொங்கலுக்கு முன்னர் வெட்டியெறியும் அளவாயிற்று. இவ்வாண்டுக் குறுவைக்கு அவள் வெறுங்கையோடு சென்று நட்டுவந்தாள். தமையனார் திருமணம் தை மாதத்தில். அதற்குப் பூசுவதற்கு நிறத்தைத் தேர்ந்து வைத்திருக்கின்றாள்.